ஏரியில் என்ன மீன் இருக்கிறது?

எங்கள் ஊர் ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு விடியற்காலை கெண்டை மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. மடை திறக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். சித்திரை மாதம். ஏரியில் முக்கால் பங்கு வற்றி, மிச்சத் தண்ணீர் பாசிப் பச்சையாக இருந்தது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. ஏரியில் வலை போடும் பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மருந்து போட்டிருந்தா தவளையும் செத்திருக்கும். தவள கத்திக்கினு கீது பாரு. மூச்சு முட்டி செத்துது இதெல்லாம்" என்றார்.

"மீதி மீன் இருக்குதே பெரியப்பா, துள்ளுதே?"

"ஏரில மீன் கீதான்னு கேக்காத நைனா. இன்னா மீன் கீதுன்னு கேளு."

அவர் காட்டிய இடத்தில் துள்ளியதெல்லாம் ஜிலேபி. அன்றைக்கு அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு படித்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். இயற்கை வழியில் உழவு செய்யும் நமக்கு இது மீன்காரர் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த மீன் மூச்சுவிடும் தண்ணீர்தான் நம் நெல்லுக்கும் பாய்கிறது.

தண்ணீருக்குள் மூச்சு

நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் உயிர்வளி (ஆக்சிஜன்) இருக்கிறது. நம் ஊர் வெயிலில் 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஏரித் தண்ணீரில், நன்றாகக் கரைந்திருந்தாலே, லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக இது இன்னும் குறையும். இந்தக் கொஞ்சத்தைத்தான் மீன் செவுளால் வடித்து எடுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை வகைகள் நிம்மதியாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் இரை எடுக்காது, வளராது, நோய் பிடிக்கும். 2-க்கும் 1-க்கும் நடுவில் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதற்குக் கீழே சாவுதான்.

இதில் சாக்கடை வந்து கலந்தால் என்ன ஆகும்? சாக்கடையில் இருக்கும் அழுக்கு மீனை நேரடியாகக் கொல்வதைவிட, அந்த அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் உயிர்வளியைக் காலி செய்வதுதான் அதிகம். வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டரை மக்க வைக்க 200 முதல் 300 மில்லிகிராம் உயிர்வளி செலவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடை, 27 முதல் 40 லிட்டர் வரை நல்ல ஏரித் தண்ணீரின் மூச்சை இழுத்துக்கொள்கிறது.

செங்கல்பட்டில் ரயில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பார்கள். கோடையிலும் தண்ணீர் நிற்கும் ஏரி என்று பேர் வாங்கியது. அந்த ஏரிக்குள் நகரத்துக் கழிவுநீர் பல ஆண்டுகளாக இறங்கியது. கரையோரம் ஆகாயத்தாமரை மண்டியது. ஆகாயத்தாமரை தானாக வரும் களை இல்லை. தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொட்டிக் கிடக்கிறது என்பதற்கு அது அறிவிப்புப் பலகை. அது மேலே மூடினால் உள்ளே வெளிச்சம் போகாது, காற்றும் கரையாது. செத்து அழுகும்போது இருக்கிற உயிர்வளியையும் தின்றுவிடும்.

ஒரே நாளில் இரண்டு அடி

அந்தச் சித்திரை விடியலில் எங்கள் ஏரியில் சாக்கடை எதுவும் புதிதாக வரவில்லை. பிறகு ஏன் மூச்சு முட்டியது? அதற்கு நம் வயலைத்தான் பார்க்க வேண்டும்.

யூரியா போட்ட வயலில் முதல் மூன்று நான்கு நாள் நிற்கும் தண்ணீரில் அம்மோனியா ஏறி நிற்கும். அந்த நேரத்தில் வரப்பு உடைந்தாலோ, மழை பெய்து வழிந்தாலோ, சத்து வாய்க்காலுக்குப் போய் அடுத்த தாங்கலுக்குச் சேரும். எங்கள் மாவட்டத்தில் ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரி ஆயக்கட்டின் வடிகால்தான் கீழ் ஏரியின் வரத்து. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் போட்ட உரம் ஏரி அடியில் சேர்ந்துகொண்டே வரும். கோடையில் தண்ணீர் சுண்டும்போது அது கெட்டியாகும், பாசி பிடிக்கும்.

பாசிக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. பகலில் வெயிலை வைத்து உணவு தயாரித்து உயிர்வளியை வெளியே விடும். இரவில் அதுவும் நம்மைப் போல மூச்சு விடும். விடிய விடிய ஏரியில் இருக்கும் உயிர்வளியை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நாளிலேயே உயிர்வளி குறைந்த நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு. மீன் விடியலில் மிதப்பது இதனால்தான்.

பகலில் மட்டும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் மதியத்துக்கு மேல் தண்ணீரின் கார அமில நிலை ஏறும். 7 இருந்தது 9-க்குக் கூடப் போகும். 30 டிகிரி சூட்டில் காரநிலை 7 என்றால், தண்ணீரில் இருக்கும் அம்மோனியாச் சத்தில் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதுவே 9 ஆனால் ஏறக்குறைய பாதி நஞ்சாகிவிடும். மீன் தன் உடம்புக் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே தள்ளும் உயிர். வெளியே அதுவே நிறைந்திருந்தால் எங்கே தள்ளும்? மதியம் நஞ்சு, விடியலில் மூச்சுமுட்டல். ஒரே நாளில் இரண்டு அடி வாங்கி மீன் தளர்கிறது. மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் பகல் உயிர்வளியும் கிடைக்காமல் மொத்தமாக மிதந்துவிடும்.

யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள்

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். தண்ணீர் கெட ஆரம்பித்த உடனே ஏரி காலியாவதில்லை. ஆள் மாறுகிறது.

முதலில் போவது கெண்டைப் பொடிகள், கட்லா, ரோகு. இவற்றுக்குச் செவுளை விட்டால் வேறு வழி இல்லை. மணலும் கூழாங்கல்லும் உள்ள அடித்தரையில் வாழும் அயிரைக்கு வீடு போய்விடுகிறது. கறுப்புச் சேறு ஓர் அடி படிந்த இடத்தில் அயிரை எங்கே புதையும்? செடியிலும் தரையிலும் ஒட்டி வைக்கும் முட்டைகள் சேற்றில் மூச்சடைத்துப் போகின்றன.

தங்குவது யார்? விரால், கொரவை, தேளி, பனையேறிக் கெண்டை. இவை மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கத் தெரிந்தவை. நம் மண்ணின் மீன்கள்தான், கோடைச் சேற்றில் பழகியவை. ஆனால் இவற்றின் குஞ்சுக்கு அந்தத் திறன் பிறந்த உடனே வருவதில்லை. பெரிய விரால் பிழைக்கும், அடுத்த தலைமுறை பிழைக்காது.

அந்த இடத்தில் ஜிலேபி உட்கார்ந்துகொள்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உயிர்வளி மிகக் குறைந்த தண்ணீரிலும் மேல் பரப்பை ஒட்டி நீந்திச் சமாளிக்கும். தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அடியில் சேறு இருந்தால் அதற்கென்ன? அடுத்து வருவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்க 2000-இல் மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் குட்டைகளில் இறைச்சிக் கழிவு போட்டு வளர்க்கிறார்கள். மழையில் குட்டை உடைந்தால் ஏரிக்கு வந்துவிடும். அது கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் தின்னும்.

ஆக, ஏரியில் மீன் துள்ளுகிறது என்பதால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கெண்டைப் பொடியும் அயிரையும் இருந்தால் சொல்லலாம். ஜிலேபியும் கெளுத்தியும் மட்டும் இருந்தால், அந்த ஏரி கெட்டு வெகு நாள் ஆகிறது.

நம் கையிலும் நஞ்சு உண்டு

ரசாயனப் பூச்சிக்கொல்லி பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளை 'மனிதருக்கு ஆபத்து குறைவு' என்று விற்கிறார்கள். நம் ஈரல் அதை ஓரளவு உடைத்துவிடும் என்பது உண்மை. மீனின் ஈரலுக்கு அந்த வேகம் இல்லை. செவுளோ அதை வேகமாக உறிஞ்சும். தெளிந்த நீரில் ஒரு கிராம் மருந்து ஒரு லட்சம் லிட்டரில் கலந்தாலே பல மீன்கள் சாகும். தெளிப்பானை வாய்க்காலில் அலசினால் போதும்.

இனி நம் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நடவு வயலில் ஏக்கருக்கு 50 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போட்டேன். இயற்கை உரம், பூச்சிக்கும் நல்லது. இரண்டாம் நாள் வரப்பில் நண்டு வளை வழியே தண்ணீர் கசிந்து பக்கத்துக் குட்டைக்குப் போனது. மறுநாள் குட்டையில் பொடிமீன் எல்லாம் வெளுத்து மிதந்தன. எனக்குப் புரியவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, மீன் வளர்ப்பவர்கள் குட்டையில் வேண்டாத மீனை ஒழிக்கப் போடுவதே இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குட்டைக்கு ஒரு டன் போடுவார்கள். நான் போட்டது 50 கிலோதானே என்கிறீர்களா? வயலில் தண்ணீர் இரண்டு அங்குலம். ஒரு மீட்டரில் அது இருபதில் ஒரு பங்கு. ஒரு டன்னில் இருபதில் ஒரு பங்கு 50 கிலோ. ஆக, அளவு அச்சாக ஒன்றேதான். இலுப்பையில் உள்ள நுரைக்கும் பொருள் மீனின் ரத்த அணுக்களை உடைத்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அதன் கடுமை போய் உரமாகிவிடும். அதுவரை தண்ணீரை வயலிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

புகையிலைக் கரைசல், அடர்த்தியான வேப்பெண்ணெய்க் கரைசல், பச்சைச் சாணத்தை மொத்தமாகக் குட்டையில் கொட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இயற்கை என்பதாலேயே மீனுக்கு நல்லது என்று ஆகிவிடாது. அளவும் இடமும் வேண்டும்.

முதல் மழை

வடகிழக்குப் பருவமழையில் ஏரி கலங்கல் வழியும்போது மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏத்து மீன் பிடிக்க ஊரே ஊத்தாவோடு ஓடும். அவை முட்டையிடப் போகின்றன. வெள்ளம் பரவிய வயலும் புல் கரையும்தான் குஞ்சுகளின் தொட்டில்.

ஆனால் அதே முதல் மழைதான் ஆறு மாதம் சாலையில் தேங்கிய எண்ணெய், தெருச் சாக்கடை, கோழிப் பண்ணைக் கழிவு, வயல் மருந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வருகிறது. சினை மீனுக்கு எதிரே வருவது ஆண்டிலேயே மோசமான தண்ணீர். ஐப்பசியில் மழை அறிவிப்பு இருக்கும்போது மருந்தோ யூரியாவோ போடாதே என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்வது, பல ஆயிரம் குஞ்சுகளைக் காப்பாற்றும். உரமும் அவருக்கு மிச்சம்.

ஆற்றிலிருந்து கடல்வரை

ஏரிகளின் உபரி கடைசியில் பாலாற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. விலாங்கு மீனுக்கு இந்த வழி முழுக்கத் தேவை. அது நம் ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாகத் திரும்பி வரும். வழியில் ஓரிடம் கெட்டாலும் விலாங்கு இல்லை.

பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் கழிவு உப்பும் குரோமியமும் சேர்த்து நிலத்தையும் நீரையும் கெடுத்தது நாம் அறிந்ததே. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 ஆண்டுகள்! கீழே நம் மாவட்டத்தில் ஈசூர் - வள்ளிபுரத்திலும் வயலூரிலும் தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நிற்பது நல்லதுதான். ஆனால் நிற்கும் தண்ணீரில் கழிவு இறங்கினால் அதுவும் கூடவே நிற்கும்.

மாமல்லபுரம் பக்கம் போனால் கடலுக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாய். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கழிமுகங்களை இணைக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான் மடவைக்கும் இறாலுக்கும் குஞ்சுப் பருவத்து வீடு. கடைகளும் விடுதிகளும் பெருகிய கரையில் கழிவுத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பண்ணை இறால் குட்டைக் கழிவும் அப்படித்தான். மிச்சத் தீவனம் அழுகி, அதே அம்மோனியா, அதே மூச்சுமுட்டல். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இந்தக் கழிவுக்கும் உப்பேறிய நிலத்துக்கும் சேர்த்துத்தான்.

உழவர் கேட்க வேண்டிய தண்ணீர்

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரைப் பயன்பாட்டை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நான்காவது வகை மீனுக்கும் காட்டுயிருக்கும். அதில் உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, காரநிலை 6.5 முதல் 8.5, நஞ்சு அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடைசி, ஐந்தாவது வகை பாசனத்துக்கு. அதில் உப்பு அளவு, சோடியம், போரான், காரநிலை பார்ப்பார்கள். உயிர்வளி? அப்படி ஒரு வரியே இல்லை.

அதாவது ஒரு மீன்கூட இல்லாத தண்ணீரும் விதிப்படி பாசனத்துக்கு ஏற்ற தண்ணீர். ஏரி கெட்டுவிட்டது என்று போய்ச் சொன்னால், 'விவசாயத்துக்குப் பிரச்சினை இல்லீங்க' என்று நம்மைத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. நாமும் நெல் விளைந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். மீன் இல்லாத தண்ணீரில் கொசுப்புழுவைத் தின்ன ஆள் இல்லை. வயலில் புழுவைத் தின்னும் பறவைக்கும் அங்கே வேலை இல்லை.

இந்த மாவட்டத்து உழவர்கள் ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பறவைகள் சுற்று வட்டார ஏரிகளில் மீன் பிடித்துத்தான் குஞ்சு வளர்க்கின்றன. மீனில் சேரும் நஞ்சு, கூட்டில் இருக்கும் குஞ்சுக்கும் போகும். மீனைத் தின்னும் நமக்கும் வரும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சுற்றியுள்ள ஏரி கெட்டால் அந்தப் பட்டம் பறவைக்கு இரை போடாது.

நம்மால் ஆகிறது

ஏரிக்குப் போகும்போது கையைத் தண்ணீரில் முழங்கை வரை விடுங்கள். பாசிப் பச்சையில் உள்ளங்கை தெரியாமல், மணிக்கட்டு தாண்டுமுன்னே மறைந்துவிட்டால் ஆபத்து நெருங்குகிறது. வாரம் ஒருநாள் விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். மீன் வாய் பிளந்து மேலே நிற்கிறதா?

மீன் செத்தால் மூன்றைக் கவனியுங்கள். விடியலில், பெரிய மீன் முதலில் செத்திருந்தால் பெரும்பாலும் மூச்சுமுட்டல். நாளின் எந்த நேரத்திலும், பொடிமீனோடு தவளை, நீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து செத்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். ஒரு வாய்க்கால் வாயில் மட்டும் குவிந்திருந்தால் அந்த வாய்க்காலைப் பின்தொடருங்கள். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்து ஐஸில் வையுங்கள். தேதி, நேரம் போட்டுப் படம் எடுங்கள். அன்றைக்கே மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். இரண்டு நாள் கழித்தால் சாட்சி இருக்காது. செத்த மீனை யாரும் எடுத்துப் போய்ச் சமைக்க விடாதீர்கள்.

வயலில் வடிகால் முனையில் ஒரு சிறு குழி எடுத்து, வாய்க்கால் கரையில் வெட்டிவேரும் கோரையும் விடுங்கள். ஏரிக்குப் போகும் சத்தைச் செடி பிடித்துக்கொள்ளும். பிண்ணாக்கோ கரைசலோ போட்டால் வரப்பை அடைத்துத் தண்ணீரைக் கட்டுங்கள். வீட்டுக் குளியல், பாத்திரத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விடலாம்.

அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். எங்கள் ஏரித் தண்ணீர் பாசனத் தரத்தில் இருந்தால் போதாது, மீன் வாழும் தரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மழை முடிந்ததும் பெரியவரோடு வலையில் விழுவதை வகை வகையாக எண்ணி ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். போன முறை நான்கு அயிரை விழுந்தது. அவர் அதை எடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்.